சாக்பீஸ் அருள்பிரகாசம்

"இன்னா நைனா, இந்தக் கட்டம் கீதே, இதுமாதிரி ரெண்டு பங்கு பெருசா ஒரு கட்டம் வோணும். கோணல் மாணல் கூடாது. நாலு பக்கமும் ஒரே அளவா இருக்கணும். எங்க, போடு பாக்கலாம்!"

துறைமுகத்து ஷெட்டின் சிமெண்டுத் தரையில் குந்தி உட்கார்ந்து, சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டுவிட்டு, எதிரே இருக்கும் மூட்டை தூக்கும் ஆளிடம் சாக்பீஸை நீட்டுகிறார் அருள்பிரகாசம். பகல் சாப்பாட்டு நேரம். அந்த ஆள் இப்போதுதான் தூக்குச் சட்டியைத் திறந்து பழைய சோற்றில் கை வைத்திருக்கிறார். தப்பிக்க வழியில்லை. இடது கையால் சாக்பீஸை வாங்கி, சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு மடங்காக நீட்டிவிட்டு, பெருமையோடு நிமிர்கிறார்.

"சரி. இப்ப உள்ள எத்தினி சின்னக் கட்டம் கீது, எண்ணு."

எண்ணிப் பார்த்தால் நாலு இருக்கிறது. இரண்டு கேட்ட இடத்தில் நாலு வந்து நிற்கிறது. தப்பு என்று அருள்பிரகாசம் சொல்லமாட்டார். அந்தச் சொல்லே அவர் வாயில் வராது. "அப்பால?" என்று மட்டும் கேட்பார். சோறு காய்ந்துகொண்டிருக்கும். அந்த ஆள் தலையைச் சொறிவார், கோட்டை அழிப்பார், மறுபடி போடுவார். அருள்பிரகாசம் "இது ஏன் இம்மாம் பெருசாச்சு?", "இத்த பாதியா வெட்டணும்னா எங்க வெட்டுவே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். சங்கு ஊதுவதற்குள் பத்தில் ஒருவராவது சரியான கோட்டைப் போட்டுவிடுவார். அப்போது அருள்பிரகாசத்தின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! லாட்டரி விழுந்தவன்கூட அப்படிச் சிரிக்கமாட்டான்.

அந்தக் கோடு எது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மனிதர் என்னோடு பேசமாட்டார். மூலைக்கு மூலை பார்வையை ஓட்டுங்கள், கிடைக்கும். அவரைப்போலவே அதே ஷெட்டில், இறங்கும் சரக்கை எண்ணிக் கணக்கெழுதும் டாலி கிளார்க்காக வேலை பார்க்கும் எனக்கு அது கிடைக்க மூன்று நாள் ஆயிற்று. இதை அவரே ஊரெல்லாம் சொல்லிவிட்டதால் நான் மறைத்துப் பயனில்லை.

வயது முப்பத்திரண்டு, முப்பத்திமூன்றுக்கு மேல் இராது. முன்தலை அதற்குள் காலி. சட்டையின் இடது பை எப்போதும் வெள்ளையாகப் பூத்திருக்கும். சரக்குப் பெட்டிகளில் குறி போடுவதற்காகக் கொடுக்கும் சாக்பீஸில் பாதி பெட்டிக்கு, பாதி தரைக்கு. சொந்த ஊர் ராயபுரம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறமாட்டார், பிரசங்கத்தின்போது மட்டும் நெளிவார். சாமியார் பதில் சொல்லிக்கொண்டே போகிறாராம், ஒரு கேள்வியாவது கேட்கக்கூடாதா என்பது அவர் குறை.

கேள்வி இல்லாமல் அவரால் ஒரு வஞ்சிரத் துண்டு வாங்கமுடியாது. காசிமேட்டில் மீன் விற்கும் அங்கம்மாவிடம் போய், "மீன் புத்சா?" என்பார். "புத்சு தான்" என்பாள். "புத்சுன்னு உனக்கு எப்டி தெரியும்?" "மூக்கு கீது, தெரியுது." "மூக்குக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" அங்கம்மா அரிவாள்மனையைத் தட்டிவைத்து, "இன்னாய்யா உன்னோட பேஜாரு! வாங்குறியா, நவுறுறியா?" என்பாள். அவர் கோபப்படமாட்டார். அங்கம்மாவின் மூக்குக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வருவார். மீனை வாங்க மறந்திருப்பார்.

இந்த வியாதி அவருக்குக் காலேஜில் ஒட்டிக்கொண்டது. இண்டர் தேறி, தத்துவம் எடுத்து, பி.ஏ. முதல் வருஷம் படித்தார். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியதல்லவா, அந்த ஓட்டத்தில் அவர் படிப்பும் ஓடிப்போயிற்று. திரும்பி வந்தபோது தகப்பனார் இல்லை. துறைமுகத்தில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு வருஷத்தில் அவருடைய பேராசிரியர் கிரேக்க தேசத்தைத் தாண்டவேயில்லை. மிச்சத்தை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் குவியலில் தேடித் தேடி இவரே படித்துக்கொண்டார்.

படித்ததை அவர் சொல்லுகிறபடியே சொல்லிவிடுகிறேன். பெரிய பெயர்களை அவர் எடுப்பதில்லை. பெயர் சொன்னால் ஜனங்கள் பயந்து எழுந்து போய்விடுவார்களாம். ஆகவே ஒருவர் 'கேள்விக் கிழவர்'. இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன் கிரேக்கத்தில் தெருத் தெருவாக நின்று கேள்வி கேட்டவர். ஒரு நாள் ஒரு வீட்டு அடிமைப் பையனைக் கூப்பிட்டு, மண்ணில் சதுரம் போட்டு, இதைப்போல் இரண்டு பங்கு போடு என்றார். எழுத்தறியாத பையன் முதலில் தவறினான், பிறகு தானே கண்டுபிடித்தான். பார்த்தீர்களா, நான் ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை, பிறக்கும்போதே உயிருக்குள் இருந்ததை அவன் ஞாபகப்படுத்திக்கொண்டான் என்றாராம் கிழவர். அவர் வழியில் வந்த இன்னொரு கிரேக்கர் அதை ஒப்பவில்லை. மனம் ஒன்றும் எழுதாத பலகை, எழுதினால்தான் எழுத்து என்றார். அவர் 'பலகைக்காரர்'.

அதற்குப் பிறகு எத்தனையோ நூற்றாண்டு கழித்து ஐரோப்பாவில் பெரும் சண்டை. இங்கிலீஷ்காரர் ஒருவர், மனம் வெறும் வெள்ளைத்தாள், கண்ணும் காதும்தான் அதில் எழுதுகின்றன என்றார். ஜெர்மன்காரர் ஒருவர் அவரோடு வரிக்கு வரி மல்லுக்கு நின்றார். தாள் இல்லை ஐயா, பளிங்குக்கல். கல்லுக்குள்ளே ரேகை ஓடுகிறது, சிலை எங்கே என்று அந்த ரேகை முன்பே காட்டுகிறது, உளி அதை வெளியே கொண்டுவருகிறது என்றார். 'வெள்ளைத்தாள் துரை', 'பளிங்குத் துரை' என்று நம்மவர் இவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார். "புத்சா ஒண்ணுமில்ல சார். கிரேக்கத்துக் கிழவருங்க ரெண்டு நாற்காலி போட்டுட்டுப் போனாங்க. இவுங்க மாறி மாறி உக்காந்துகினு கீறாங்க" என்பார். அருள்பிரகாசம் எந்த நாற்காலி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எதிர் நாற்காலியில் லியாகத் அலி இருந்தார். கப்பலின் மேல்தளத்தில் நின்று கைச்சைகை காட்டுகிற வேலை அவருக்கு. சரக்கு தூக்கும் விஞ்ச் யந்திரத்தை ஓட்டுகிறவருக்குக் கப்பலின் வயிற்றுக்குள் நடப்பது தெரியாது. இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. மேலே நிற்கிற லியாகத் அலியின் கைதான் அவருக்குக் கண். தூக்கு, இறக்கு, நில், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எல்லாம் கையில். கண்ணாடிச் சாமான் பெட்டி இறங்கும்போது பார்க்கவேண்டும். உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, விரல்களை லேசாக அசைத்தபடி, அங்குலம் அங்குலமாகக் கையை இறக்குவார். அதற்கு 'மெள்ள' என்று பொருள். பெட்டி தரையைத் தொடுகிற வரை அந்தக் கை நிற்காது.

"பொறக்கசொல்ல ஒரு எழவும் தெரியாது வாத்யாரே" என்பார் லியாகத் அலி. "நான் கப்பலுக்கு வந்த அன்னிக்கு, கைய தூக்குனா இன்னா, எறக்குனா இன்னான்னு தெரியுமா? எங்க மாமு மண்டையில தட்டித் தட்டி ஏத்துனாரு. உன் கிழவரு வந்து கேள்வி கேட்டுக்கினு இருந்தா, பொட்டி என் தலை மேல வுழுந்திருக்கும்."

"கை கீதே, அத்த தூக்கலாம்னு உனக்கு யாரு சொன்னது?" என்பார் அருள்பிரகாசம். இப்படியே இருவரும் தண்டையார்பேட்டை வரை நடந்து போவார்கள். வீட்டுக்குத் திரும்பவேண்டிய முனையை இருவரும் எப்போதோ தாண்டியிருப்பார்கள்.

அருள்பிரகாசம் கேள்வியை விட்டுக் கோபத்தில் குதித்ததை நான் ஒரே ஒரு முறை பார்த்தேன். இந்த வருஷம் பள்ளிக்கூடப் பேச்சு ஊரெல்லாம் அடிபட்டதே, பிள்ளைகளுக்கு அரை நாள் படிப்பு, அரை நாள் அப்பன் தொழில் என்று. டீக்கடையில் ஒரு மேஸ்திரி, "நம்ம வாத்யாரும் அத்த தான சொல்றாரு? மீன் புடிக்கிறவன் புள்ளைக்கு மீன் புடிக்கிறது உள்ளயே கீது" என்றார். அருள்பிரகாசம் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "கிழவரு கேட்டது அடிமைப் பையன் கிட்ட. மூட்ட எப்டி தூக்குவேன்னா கேட்டாரு? கணக்கு கேட்டாரு! ராஜா புள்ளைக்குள்ள இன்னா கீதோ அதே தான் அவனுக்குள்ளயும் கீது. அப்பனுக்கும் அதுக்கும் இன்னாய்யா சம்பந்தம்?" ஒரு டீக்கடைப் பேச்சுக்கு இவ்வளவு கோபம் ஏன் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

அவர் வீட்டுக்குப் போனபிறகு விளங்கிற்று.

கொருக்குப்பேட்டை ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு. மனைவி சிலுவையம்மாள் கிடங்கில் கோணி தைக்கிறவர். ஒரே மகள் பிலோமி. வயது ஏழு முடிகிறது. பிறவியிலேயே காது கேட்காது, ஆகவே பேச்சும் வரவில்லை. கூட்ஸ் வண்டி வீட்டையே உலுக்கிக்கொண்டு போகும்போது, அது மட்டும் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு சிரிக்கும்.

தெருவில் அதை ஊமை என்பார்கள். சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டு, "அதுக்குள்ள ஒண்ணும் இல்லப்பா, மனச தேத்திக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அருள்பிரகாசம் சாக்பீஸை எடுத்தது அதற்கு மறுநாள். இதைச் சிலுவையம்மாள் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அரைகுறைப் படிப்பின் பெருமை என்று நான் ஷெட்டில் எத்தனை நாள் அவரைக் கேலி செய்திருக்கிறேன்! அவர் ஒவ்வொரு மூட்டைக்காரரிடமும் தன் மகளுக்காகச் சாட்சி தேடிக்கொண்டிருந்தார். இவனுக்குள் இருக்கிறது, அவனுக்குள் இருக்கிறது, அப்படியானால் பிலோமிக்குள்ளும் இருக்கிறது.

ஆனால் காது கேளாத பிள்ளையிடம் எப்படிக் கேள்வி கேட்பது? தினம் சாயங்காலம் தரையில் சதுரம் போட்டு அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பிலோமி அதைப் பாண்டிக் கட்டம் என்று நினைத்து, ஒற்றைக் காலில் உள்ளே தாவிக் குதிக்கும். அது கையை ஆட்டி ஏதாவது காட்டினால், கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு, தன் வாயைச் சுட்டிக்காட்டுவார். சைகை பேச்சாகாது என்பது அவர் முடிவு. வார்த்தை உள்ளே இருக்கிறது. கைக்கு இடம் கொடுத்தால் அது வெளியே வராது.

மயிலாப்பூருக்கு அப்பால் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கேயே தங்கிப் படிக்கலாம். எட்டு வயது தாண்டினால் எடுத்துக்கொள்வதில்லை. இந்த ஜூனை விட்டால் பிலோமிக்கு அது இல்லை. சிலுவையம்மாள் கெஞ்சிப் பார்த்தார். "சொல்லிக் குடுத்தா தான் வரும்னா, உள்ள ஒண்ணுமில்லேன்னு நாமளே ஒத்துக்கிற மாதிரி ஆவாதா?" என்று அதையும் கேள்வியாகவே கேட்டார் இவர். சிலுவையம்மாள் நான் இருப்பதையும் பார்க்காமல் வெடித்துவிட்டார்.

"உள்ள கீது உள்ள கீதுன்னு ஏழு வருசமா சொல்லிக்கினு கீறியே, கதவு எங்க கீதுன்னு ஒரு தபா பாத்தியாய்யா நீ?"

கேள்வி கேட்டே பழகிய மனிதர். சாக்பீஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனார்.

ரம்ஜான் பண்டிகையன்று பகலில் நான் அங்கே இருந்தேன். லியாகத் அலி தெருமுனையில் வந்துகொண்டிருந்தார். கையில் அவர் மனைவி ரஹீமுன்னிசா கொடுத்தனுப்பிய பாயசப் பாத்திரம், விளிம்பு வரை. பிலோமி வாசலுக்கு ஓடியது. ஓடிய வேகத்தில் நின்று, காலை அகட்டி, வலது கையை உயர்த்தியது. லியாகத் அலி அப்படியே தெருவில் நின்றுவிட்டார்.

பிலோமி கையை இடப்பக்கம் காட்டியது. அவர் இடப்பக்கம் இரண்டடி நகர்ந்தார். முன்னால் வா என்றது. வந்தார். முஷ்டியை மூடியது. நின்றார். பெரிய ஆள், ஜரிகைத் தொப்பியும் புது லுங்கியுமாக, கிரேனில் தொங்குகிற மூட்டைபோல லேசாக ஆடிக்கொண்டே வாசல் வரை வந்து சேர்ந்தார். கடைசியாக அது உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, விரல்களை அசைத்தபடி, அங்குலம் அங்குலமாகக் கையை இறக்கியது. பாயசம் ஒரு சொட்டுச் சிந்தாமல் தரையில் வந்து உட்கார்ந்தது.

பிறகு பிலோமி ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு சதுரம் போட்டு, புருவத்தை உயர்த்தி லியாகத் அலியைப் பார்த்தது. அவர் வீட்டுக்குள் கை காட்டினார்.

அருள்பிரகாசம் உள்ளே கதவோரம் நின்றிருந்தார். "இது எப்போலேந்து பாய்?"

"நாலஞ்சு மாசமா" என்றார் லியாகத் அலி, தலையைத் தாழ்த்தி. "நீ திட்டுவேன்னு சொல்லல. நீ வூட்ல இல்லாதசொல்ல வந்தா, சும்மா வெளாட்டுக்கு."

"காத்துல கட்டம் போட்டுச்சே, அது இன்னா?"

"அதுவா? அது நீ தான் வாத்யாரே. உன் பேரு."

அருள்பிரகாசம் பிலோமியைத் திரும்பிப் பார்த்தார். ஏழு வருஷமாக அந்தப் பிள்ளை அவரை ஒரு முறையாவது கூப்பிடாதா என்று காத்திருந்தவர். அது கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"இதெல்லாம் நீயா சொல்லிக் குடுத்தே?" என்றார்.

"எங்க! நான் குடுத்தது கப்பல் சைகை மட்டும் தான். தூக்கு, எறக்கு, நில்லு, அப்டி, இப்டி, மெள்ள. அம்மாவுக்கு ஊசி குத்துற மாதிரி, எனக்குத் தொப்பி, உனக்குக் கட்டம், ரயிலுக்குக் கன்னத்துல கை, இதெல்லாம் அதுவே போட்டுக்கிச்சு. 'அம்மா வரல, மழை வருது'ன்னு ஒருநாள் சேத்துச் சொல்லுது! நீ சொன்னது தான் நெஜம் வாத்யாரே. உள்ள கீது. நான் தோத்துட்டேன்."

"இல்ல பாய்" என்றார் அருள்பிரகாசம். "நீ அந்த நாலு சைகைய குடுக்கலேன்னா மிச்சம் எங்கேந்து வரும்? நான் அது கைய புடிச்சி எறக்கிக்கினே இருந்தேன். பளிங்குத் துரை உளி வோணும்னு சொல்லிக்கீறாரு. நான் ரேகைய மட்டும் படிச்சிட்டு உளிய வுட்டுட்டேன்."

"அட, நான் தான் தோத்தேன்றேன்."

"நீ எங்க தோத்தே? நான் தோத்தேன்."

இருவரும் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டு, முன்னைவிட மும்முரமாகச் சண்டை போட்டார்கள். சிலுவையம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பரண்மேலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் துடைத்து, பிலோமியின் பாவாடைகளை மடித்து உள்ளே வைக்க ஆரம்பித்தார். அருள்பிரகாசம் அதைப் பார்த்தார். "சரி" என்றார். அவர் அப்படி ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மயிலாப்பூர் பக்கம் எனக்குப் பழக்கம் என்பதால் பள்ளிக்கூடத்துக்கு நானும் கூடப் போனேன். டிராம் நின்றுபோன வருஷம், பஸ்ஸில் கூட்டம் நெரித்தது. வழியெல்லாம் பிலோமி ஜன்னலுக்கு வெளியே தெரிவதற்கெல்லாம் கையால் பெயர் வைத்துக்கொண்டே வந்தது. அருள்பிரகாசம் அதன் கையைப் பிடித்து இறக்கவில்லை.

கேட்டைத் தாண்டிப் பெற்றோர் போகக்கூடாது. ஓர் ஆசிரியை வந்து, மணி அடித்துவிட்ட அவசரத்தில், பிலோமியின் கையைப் பற்றிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். அந்த நடைக்கு ஈடு கொடுக்கமுடியாமல் பிள்ளை தடுமாறியது. சிலுவையம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். வராந்தாவை எட்டும்போது பிலோமி திரும்பிப் பார்த்து, மற்றொரு கையால் காற்றில் சதுரம் போட்டது.

அருள்பிரகாசம் கையைத் தூக்கினார். கிளார்க் வேலை பார்த்த கை, சைகைக்குப் பழகாத கை, சாக்பீஸ் ஏறி விரலெல்லாம் வெளுத்திருந்தது. உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, விரல்களை லேசாக அசைத்தபடி, அங்குலம் அங்குலமாக இறக்கினார். ஆசிரியை திரும்பவில்லை. பிலோமி பார்த்துக்கொண்டே போனது. கை மார்பளவு வந்தது, இடுப்பளவு வந்தது. பிள்ளை கண்ணுக்கு மறைந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. குனிந்து, முழங்காலிட்டு, உள்ளங்கை மண்ணைத் தொடுகிற வரை இறக்கினார்.